புனே நகரின் செழிப்பு எங்கிருந்து வந்தது?

நம் சங்கத்துக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் புனேயிலேயே வாழ்ந்தவர் என்று எவரும் இலர். சிலருடைய பாட்டனார் பட்டாளத்தோடு வந்தவர். சிலருடைய தந்தையார் கட்கித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவர். நம்மைப் போல் ரயில்வே உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தோர் சிலர். ஹிஞ்சவாடியில் கணிப்பொறி வேலை பார்க்கும் இளைஞர்களோ நேற்று வந்தவர்கள். வந்த வழி வெவ்வேறாயினும் காரணம் ஒன்றே. சொந்த ஊரில் கிட்டாத பிழைப்பு இவ்வூரில் கிட்டியது. இவ்வூரில் மட்டும் அது எவ்வாறு வந்து சேர்ந்தது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

விசாரித்தால் மூன்று விதமான விடைகள் கிடைக்கும். "பேஷ்வாக்கள் ஆண்ட ஊர்; பணத்துக்கு என்ன குறைவு?" என்பர் சிலர். "வெள்ளைக்காரன் ரயில் போட்டான், ஊர் முன்னேறிற்று" என்பர் வேறு சிலர். "பம்பாய் பக்கத்தில் இருக்கிறது, அங்கே இடமில்லாமற்போன ஆலைகள் இங்கே வந்தன" என்பர் இன்னும் சிலர். மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மூன்றும் சேர்ந்தாலும் விடை முழுமை பெறுவதில்லை. புத்தகத்தில் மட்டும் தேடாமல், விடுமுறை நாட்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்று பார்க்கத்தக்க சில இடங்களைக் கொண்டே இதனை ஆராய்வோம். அவற்றுள் பெரும்பாலானவற்றை லோக்கல் வண்டியிலும் நகரப் பேருந்திலும் சென்று காணலாம்.

சனிவார் வாடா

முதலிற் காணவேண்டியது சனிவார் வாடா. பாஜிராவ் பேஷ்வா 1730இல் அடிக்கல் நாட்டிய மாளிகை இது. இன்று எஞ்சியிருப்பவை உறுதியான மதிலும், கூர் ஆணிகள் பதித்த பெரிய கதவும், உள்ளே வெறும் அடித்தளங்களும், புல்வெளியுமே. 1828இல் நேர்ந்த தீயில் உள்ளிருந்த மாளிகை அழிந்துபோயிற்று.

இம்மாளிகைக்குள் ஒருகாலத்தில் வந்து குவிந்த செல்வம் சாமானியமானதன்று. மராட்டியப் படைகள் சென்ற நாடுகளிலெல்லாம் நில வருவாயில் நாலில் ஒரு பங்கு சௌத் என்றும், அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சர்தேஷ்முகி என்றும் வசூலிக்கப்பட்டன. புனேயின் பேட்டைகளில் சாகுகார்கள் கடை வைத்தனர். தூர தேசங்களுக்கு உண்டியல் மாற்றினர். நெசவாளரும், கன்னாரும், பொற்கொல்லரும் குடியேறினர். பணமும் இருந்தது, கைத்திறனும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. ஆனால் அச்செல்வம் பிற நாட்டு உழவன் விளைத்ததை வாங்கி வந்த செல்வம். படை வென்றால் வந்தது, தோற்றால் நின்றது. 1802இல் ஹடப்ஸர் அருகே நடந்த போரில் யஷ்வந்தராவ் ஹோல்கர் வென்றார். நகரம் கொள்ளை போயிற்று. அடுத்து வந்தது கொடிய பஞ்சம். 1817இல் கட்கிப் போர். 1818இல் பேஷ்வா ஆட்சியே முடிந்தது. குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்பது பழமொழி. இங்கே குன்று கரைந்தே போயிற்று.

எனினும் அந்தச் செல்வத்தில் இரண்டு பங்கு மட்டும் கரையாமல் நின்றன. ஒன்று தண்ணீர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நானாசாகேப் பேஷ்வா காத்ரஜில் ஏரி கட்டி, நிலத்தடிக் கால்வாய் வழியாக நகரத்துத் தொட்டிகளுக்கு நீர் கொணர்ந்தார். மற்றொன்று தட்சிணை. வேதம் கற்ற அந்தணர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட பெருந்தொகையின் ஒரு பகுதியைக் கம்பெனிச் சர்க்கார் கல்விக்குத் திருப்பி, 1821இல் விஸ்ராம்பாக் வாடாவில் ஒரு கல்லூரி தொடங்கிற்று. முதலில் அங்குக் கற்பித்தவை சமஸ்கிருத சாஸ்திரங்களே; கற்றவர்களும் ஒரு சாதியாரே. ஆயினும் பின்னாளில் தக்காணக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது, கல்வி என்பது யாருடைய சொத்து என்னும் கேள்வி இந்நகரில் பகிரங்கமாக எழுந்தது. அக்கேள்விக்கும் நாம் ஆராயும் விஷயத்துக்கும் நெருங்கிய உறவு உண்டென்பதைப் பின்னர்க் காண்போம்.

உலகம் ஏழையாக இருந்த காலம்

புனே மட்டும் இவ்வாறு இருந்ததென்று எண்ணலாகாது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்புவரை உலகில் பெரும்பாலான மக்களின் வாழ்வு இப்படியே இருந்தது. நல்ல மழையும் நல்ல அரசனும் வாய்த்தால் ஒரு தலைமுறை செழிக்கும். அடுத்த தலைமுறையில் பஞ்சமோ படையெடுப்போ வந்து அதனை வாரிக்கொண்டு போகும். தஞ்சையில் பெருங்கோயில் எடுத்த காலத்து உழவனுக்கும், 800 ஆண்டு கழித்துப் பிறந்த உழவனுக்கும் அன்றாட உணவிலும் ஆயுளிலும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய மாறுதல் இதனை மாற்றியது. 1769இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடிற்று. அதன்பின் வளர்ச்சி நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதே அறிஞர்களின் பெரிய வினா. நிலக்கரி என்பார் சிலர். குடியேற்ற நாடுகளிலிருந்து சென்ற செல்வம் என்பார் சிலர். நம் நாட்டு நெசவாளர் நலிந்ததும் அக்கதையில் ஒரு பகுதியே, அதனை மறப்பதற்கில்லை. 2025ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் ஒரு பாதியைப் பெற்ற ஜோயல் மோக்கிர் என்னும் சரித்திர ஆசிரியர் வேறொரு காரணத்தை முன்வைக்கிறார். ஒரு வேலையைச் செய்யத் தெரிவது ஓர் அறிவு. அது ஏன் அவ்வாறு நடக்கிறது என்று தெரிவது மற்றோர் அறிவு. கைவினைஞரிடம் முதலாவது இருந்தது. பண்டிதரிடம் இரண்டாவது இருந்தது. இருவரும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியபோது ஒரு கண்டுபிடிப்பு மற்றொன்றை ஈன்றது. வளர்ச்சி ஓயாமல் தொடர்ந்தது என்பது அவர் கருத்து.

இதனை மனத்திற் கொண்டு அடுத்த இடத்துக்குச் செல்வோம்.

போர் கணவாய்

மும்பை வண்டியில் செல்லும்போது கர்ஜத் நிலையத்தில் நம் குடும்பத்தாரின் கவனமெல்லாம் வடை வாங்குவதிலேயே இருக்கும். திரும்பி வரும்போது அங்கே ஒரு கணம் வண்டியின் பின்புறத்தையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அங்கே துணை எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. லோணாவளா வரை மலையேற்றம். 37 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் சரிவும் அதில் உண்டு. இன்றைய மின்சார எஞ்சினுக்கே துணை வேண்டுமெனில், 160 ஆண்டுகளுக்கு முன் இதனை வெட்டிய காலத்தை எண்ணிப் பாருங்கள்.

கண்டாலாவுக்கும் புனேக்கும் இடையே 1858ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாளிலேயே ரயில் ஓடத் தொடங்கிற்று. ஆனால் மலையடிவாரத்திலிருந்து கண்டாலா வரை பாதை இல்லை. பயணிகள் கீழே இறங்கிப் பல்லக்கிலும், மட்டக்குதிரையிலும், மாட்டு வண்டியிலும் மலையேறி மறுபடியும் ரயிலைப் பிடித்தனர். மலைப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 16 மைல். ஏற்றம் 1,831 அடி. குடைந்த சுரங்கங்கள் 25. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி திறப்பு விழாவைக் காணாமலே 1862இல் இறந்தார். ஒப்பந்தம் ஏற்று வந்த சாலமன் டிரெட்வெல் இந்நாட்டில் இறங்கிய சில வாரங்களில் மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் அந்த ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று வேலையை முடிப்பித்தார்.

இப்பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. கல்லுடைத்தவர் பெயர்கள் அவற்றில் இல்லை. 1861இல் 40,000க்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் அம்மலையில் வேலை செய்தனர். காலராவாலும், வெடி விபத்தாலும், பாறைச் சரிவாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கூலி பாக்கி நின்றமையால் 1859இல் தொழிலாளர் கிளர்ந்தெழுந்ததும் உண்டு. ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாம் அப்பாதையில் செல்லும்போதெல்லாம் இதனை நினைத்தல் தகும்.

1871இல் பம்பாயிலிருந்து சென்ற பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் ரெய்ச்சூரில் சந்தித்தன. தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு நேராக ரயிலேறி வர வழி பிறந்தது அப்போதுதான்.

ரயில் வந்தது, உடனே செழிப்பு வந்ததா? இல்லை. புனேக்குத் தென்கிழக்கே, பாராமதி வட்டத்தில், சூபே என்னும் சந்தை ஊர் இருக்கிறது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின, விலை ஏறிற்று. தக்காண உழவர்க்குக் கடன் தாராளமாகக் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது; விலை விழுந்தது. அதே ஆண்டுகளை அடுத்து நிலவரி உயர்த்தப்பட்டது. கடன் பத்திரம் மட்டும் அப்படியே நின்றது. நீதிமன்றம் அப்பத்திரத்தின் பக்கம் நின்றது. 1875ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் சூபேயில் உழவர்கள் திரண்டு சாகுகார்களின் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டனர். கலகம் புனே, அகமதுநகர் ஜில்லாக்களில் பரவிற்று. 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. அதற்கு முன்னரே, 1876 முதல் 1878 வரை, பெரும் பஞ்சமும் வந்துபோயிற்று.

ரயில் ஒரு பாதையே. பருத்தியை ஏற்றிக்கொண்டு போகவும், மான்செஸ்டர் துணியை இறக்கவும் அதனால் முடிந்தது. இடையில் நிகழவேண்டிய வேலை இவ்வூரில் நிகழவில்லை. அதற்குரிய அறிவு இவ்வூர் மக்களின் கையில் அதுவரை சேரவில்லை.

சங்கமும் கடக்வாஸ்லாவும்

முளா ஆறும் முட்டா ஆறும் கூடும் சங்கமத்தருகே, சிவாஜிநகர் செல்லும் வழியில், பழைய கல் கட்டடங்களுடன் பொறியியல் கல்லூரி நிற்கிறது. 1854இல் பொறியியல் வகுப்பும் யந்திரப் பள்ளியுமாக அது தொடங்கப்பட்டது. நோக்கம் பெரிதன்று: சாலை, பாலம், கால்வாய், கட்டடம் ஆகியவற்றைக் கட்டும் சர்க்கார் வேலைக்குக் கீழ்நிலை உத்தியோகஸ்தர் வேண்டும், அவர்களை இங்கேயே பயிற்றினால் செலவு குறையும். ஆள்வோர் தம் வசதிக்காகத் திறந்த பள்ளிதான் அது. ஆனால் ஏட்டுக் கணக்கையும் பட்டறை வேலையையும் ஒரே மாணவன் ஒரே இடத்தில் கற்றான் என்பது புதிய செய்தி. முன்னர்ச் சொன்ன இருவகை அறிவும் இந்நகரில் சந்தித்த இடங்களுள் இதுவே முதன்மையானது எனலாம்.

அதன் பயனைக் காணக் கடக்வாஸ்லாவுக்குச் செல்லவேண்டும். ஸ்வார்கேட்டிலிருந்து பேருந்து உண்டு. மாலையில் அணையோரத்தில் சோளக்கதிர் சுட்டு விற்பார்கள். குழந்தைகளுக்கு அதுவும் ஒரு கவர்ச்சி. முட்டா ஆற்றின் குறுக்கே 1879இல் கட்டி முடிக்கப்பட்ட கல் அணை அது. பஞ்சம் கண்ட நிலத்துக்குக் கால்வாய்ப் பாசனமும், நகரத்துக்கும் கட்கிக்கும் குடிநீரும் அதனால் கிடைத்தன. ஹடப்ஸர், மாஞ்சரிப் பக்கங்களில் கரும்பும் காய்கறியும் விளைந்தன.

1880களின் முற்பகுதியில் அக்கல்லூரியில் பயின்று தேறியவர் மைசூர்ச் சீமையில் முத்தேனஹள்ளியிற் பிறந்த மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. வெள்ளம் உயர்ந்தால் தாமே திறந்து, தணிந்தால் தாமே மூடிக்கொள்ளும் மதகுகளை அவர் வகுத்தார். 1903இல் அவை முதன்முதலாக இக்கடக்வாஸ்லா அணையில் அமைக்கப்பட்டன. அணையின் உயரத்தைக் கூட்டாமலே அதிக நீரைத் தேக்க அவை உதவின. தெற்கிலிருந்து பிழைப்பும் படிப்பும் நாடி வந்த ஓர் ஏழை மாணவன் கற்ற கல்வி, இந்நகருக்கே திரும்பத் தண்ணீராக வந்தது. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மேலே பான்ஷேத் அணை உடைந்து, அவ்வெள்ளத்தில் இவ்வணையும் பிளந்து, நகரம் மூழ்கிய துயரம் முதியோர் இன்றும் சொல்லும் கதை. அதன்பின் மீண்டும் கட்டப்பட்டது. இன்றும் புனே நகரத்துக் குடிநீருக்கு இதுவே ஆதாரம்.

தளேகாவ் கண்ணாடி

லோணாவளா லோக்கலில் ஏறினால் வழியில் தளேகாவ் நிலையம் வரும். அங்கு இறங்குவோர் பலர் அவ்வூரின் ஒரு பெருமையை அறியார். அதனைச் சொல்லுமுன் மகாதேவ கோவிந்த ரானடேயைப் பற்றிச் சில வார்த்தை சொல்லவேண்டும்.

1871இல் நீதிபதியாகப் புனேக்கு வந்த ரானடே, இந்தியாவின் வறுமைக்குக் காரணம் தேடியவர்களுள் தலையாயவர். நாடு முழுதும் உழவையே நம்பியிருப்பதும், தொழில் அழிந்து கிடப்பதும், முதலுக்குக் கடன் கிட்டாமையும், சர்க்கார் கைகட்டி நிற்பதும் காரணங்கள் என்று அவர் எடுத்துரைத்தார். 1890இல் புனேயில் தொழில் மாநாடு கூடிற்று. மேற்கிந்தியக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. 1892இல் தக்காணக் கல்லூரியில் இந்தியப் பொருளாதாரம் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு இன்றும் பேசப்படுகிறது. சீமைப் புத்தகத்து விதிகளை இந்நாட்டின் நிலைமையைப் பாராமல் அப்படியே பொருத்தலாகாது என்பது அதன் கருத்து.

பேச்சைக் காரியமாக்க முயன்றவர்களுள் ஒருவர் அந்தாஜி தாமோதர் காளே. வீட்டுக்கு ஒரு பைசா வீதம் வசூலித்துச் சுதேசித் தொழில் தொடங்கலாம் என்று ஊர் ஊராக நடந்து திரட்டிய தொகையே பைசா நிதி. திலகர் அதனை ஆதரித்தார். 1908இல் தளேகாவில் அந்நிதியைக் கொண்டு கண்ணாடித் தொழிற்சாலை திறந்தனர். தொழிற்சாலையோடு பயிற்சிச் சாலையும் சேர்ந்தே இருந்தது. அங்குப் பழகிய தொழிலாளர் வேறு ஊர்களின் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். சாகுகார்களின் பெட்டகத்தில் கோடி கிடந்தும் நிகழாதது, ஏழை எளியவரின் பைசாவைக் கொண்டு நிகழ்ந்தது. கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்தப் பைசாவோடு சேர்ந்திருந்ததே காரணம்.

கட்கி முதல் பிம்ப்ரி வரை

இனி நாம் நன்கறிந்த பகுதிக்கு வருவோம். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் தொடங்கியது. படைக்குத் தோட்டா வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் கடைசல் பிடிக்கவும், அளவு பார்க்கவும், உலோகம் உருக்கவும் தெரிந்த தொழிலாளர் குடும்பங்கள் அதனால் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தனர். அவற்றுள் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

1915இல் கொபோலியில் டாட்டா நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. லோணாவளாப் பகுதி ஏரிகளின் நீர் மலையிலிருந்து விழுந்து, பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரமாயிற்று. 1930இல் தக்காண ராணி மின்சார எஞ்சின் பூட்டிப் புனேயிலிருந்து ஓடத் தொடங்கினாள். 1946இல் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் தொழிற்சாலை கட்கியில் எழுந்தது. அக்குடும்பத்தின் மூத்தவர் லக்ஷ்மணராவ் 1888இல் பெல்காமில் சைக்கிள் கடை வைத்தவர். பிறகு இரும்புக் கலப்பை செய்தவர். இரும்பு மண்ணை நஞ்சாக்கும் என்று உழவர் முதலில் அஞ்சினர். வயலிலேயே உழுது காட்டி அவர்களை இசைவித்த பிறகே கலப்பை விற்றது.

சுதந்திரத்துக்குப் பின் வேகம் கூடிற்று. 1950இல் பாஷாணில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே பெனிசிலின் செய்தது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைந்து, பிம்ப்ரி, சிஞ்ச்வட் பகுதிகளில் நிலமும், சாலையும், தண்ணீரும், மின்சாரமும் ஆயத்தமாக்கித் தந்தது. ஆகுர்டியில் பஜாஜும், முண்ட்வாவில் பாரத் ஃபோர்ஜும் வந்தன. பம்பாயின் நெருக்கடி இவற்றை இப்பக்கம் தள்ளியது மெய்யே. ஆனால் பம்பாயைச் சுற்றி நிலம் வேறெங்கும் இல்லையா? இங்கே கடைசல்காரனும், படம் வரைபவனும், பொறியாளனும் முன்னமே இருந்தனர். ஆலைகள் இவ்வூரை நாடியதற்கு அதுவும் ஒரு பெருங்காரணம்.

இதனை யாவரினும் நன்குணர்ந்தவர் டெல்கோவின் சுமந்த் மூல்காவ்கர். 1966இல் புனேயில் அத்தொழிற்சாலை தொடங்கியபோது அங்கே லாரி செய்யவில்லை. கருவி யந்திரம் செய்யும் பிரிவும், பயிற்சிப் பிரிவுமே முதலில் எழுந்தன. முதல் லாரி வெளிவந்தது 1977இல். பதினோராண்டு ஆட்களையும் கருவிகளையும் உருவாக்குவதிலேயே கழிந்தது. இன்று அவ்வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு பட்டறைகள் பலவற்றின் முதலாளிகள், இத்தகைய பெரிய ஆலைகளில் பயிற்சி பெற்று வெளிவந்தவர்கள்.

நம் கோயமுத்தூரை எண்ணினால் இது எளிதில் விளங்கும். அங்கும் 1888இல் நூற்பாலை, 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்கல்வி நிலையம், 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம், பிறகு கிணற்றுக்குக் கிணறு பம்புசெட்டு என்று கதை ஏறக்குறைய இதே வரிசையில் நடந்தது. ஊர் வேறு, வழி ஒன்று.

நமக்கு இதில் என்ன?

தொகுத்துச் சொன்னால், பேஷ்வாக்களின் பொன் நிலைக்கவில்லை. பருத்தி விலை நிலைக்கவில்லை. ரயில் தனியே செழிப்பைக் கொணரவில்லை. தண்ணீரும் பாதையும் மின்சாரமும் பொதுவாக அமைந்து, ஏட்டறிவும் கைவேலையும் ஒருவரிடத்தே கூடி, அது ஒருவரிலிருந்து பலருக்குக் கற்பிக்கப்பட்டபோதே செல்வம் நின்று வளர்ந்தது. யாருக்குக் கற்பிப்பது என்னும் கேள்வியைப் புலே தம்பதியர் எழுப்பியதன் அருமை இங்கே புலனாகும். கற்பவர் வட்டம் சிறிதாக இருந்தவரை செழிப்பும் சிறிதாகவே இருந்தது.

இது பழங்கதை மட்டுமன்று. இன்று நம் குடும்பங்களில் இரண்டு விதமான பிள்ளைகளைக் காண்கிறோம். ஒருவன் பொறியியலோ கணிப்பொறியோ படித்து உயர்கிறான். மற்றொருவன் பத்தாவதோடு நின்று, ஏதேனும் ஓர் ஆலையில் ஒப்பந்தக்காரரின் ஆளாகச் சேர்கிறான். நமக்குத் தெரிந்த ஓர் இளைஞன் ஏழாண்டுகளாக ஒரே யந்திரத்தின் முன் நின்று ஒரே பொத்தானை அழுத்துகிறான். ஒப்பந்தக்காரர் பெயர் நான்குமுறை மாறிற்று. அவன் கூலி அதிகம் மாறவில்லை. அந்த யந்திரம் எப்படி இயங்குகிறது என்று எவரும் அவனுக்குச் சொல்லித் தரவுமில்லை. மலை வெட்டிய கூலியாட்களின் நிலைக்கும் இவன் நிலைக்கும் கூலியில் வேறுபாடு உண்டு. கற்பதற்கு வழியின்மையில் வேறுபாடு இல்லை. செழிப்பான நகரில் வாழ்வது வேறு; அச்செழிப்பை உண்டாக்கும் அறிவில் பங்கு பெறுவது வேறு.

ஆகையால் சங்க அன்பர்கள்முன் ஒரு யோசனையைப் பணிவுடன் வைக்கிறோம். ஆண்டு விழாவுக்கும் பொங்கலுக்கும் நாம் மனமுவந்து நன்கொடை தருகிறோம். அத்தொகையிலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பத்தாவது தேறிய நம் பிள்ளைகள் ஔந்த் ஐ.டி.ஐ. போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரவும், அளவுக் கருவிகளும் புத்தகங்களும் வாங்கவும் உதவலாகாதா? 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி தொழிற்சாலைகள் பயிலுநரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும், அதற்கு விண்ணப்பிக்கும் முறையும் நம் பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் எழுதும் வேலையை நம்மைப் போன்ற எழுத்தர்கள் ஏற்றுக்கொள்ளத் தயார். கட்கியிலும் ரயில்வேயிலும் ஓய்வு பெற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கற்பித்தால், ஏழாண்டு பொத்தான் அழுத்திய அவ்விளைஞனும் வந்து அமர்வான்.

பெரியோர்கள் இதனை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டுகிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தளேகாவுக்கும் கடக்வாஸ்லாவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். சிற்றுண்டி கட்டிக்கொண்டு போனால் செலவு அதிகமாகாது.